பிடிக்காவிட்டால் அழித்துவிடலாமே?

மதுரையில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கூகுள், மெட்டா மாதிரி பெரிய கம்பெனிகளால் ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று அடிக்கடி படிக்கிறேன். எனக்கு எல்லாம் இலவசமாகத்தான் கிடைக்கிறது. பிடிக்காவிட்டால் செயலியை அழித்துவிட்டுப் போகலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதற்கும் என் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்? போலிச் செய்தியைத்தான் சொல்கிறார்களா?"

நல்ல கேள்வி தம்பி. கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போலிச் செய்தி பெரிய பிரச்சினைதான், மறுக்கவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் சுற்றிய புரளிதான் காரணம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. அந்த விவகாரத்தில் கைதான பீகார் யூடியூபர் ஒருவரைக் கொண்டுவந்து அடைத்தது நம் மதுரை மத்திய சிறையில்தான். ஆனால் புரளி என்பது கைபேசிக்கு முன்பும் இருந்தது, இனியும் இருக்கும். ஓட்டுக்குக் காசு கொடுப்பது இதைவிடப் பெரிய பிரச்சினை இல்லையா என்றும் சிலர் கேட்பார்கள். திருமங்கலம் என்ற ஊர்ப்பெயரே ஒரு ஃபார்முலாவுக்குப் பெயராகிப்போன மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன், அதையும் மறுக்க வழியில்லை.

என் கவலை வேறு. எத்தனை வாசல் இருக்கிறது, சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதுதான் அது.

ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் நம் உயர் நீதிமன்றக் கிளையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. வழக்கறிஞர்கள் மத்தியில் இன்றும் பேசப்படும் விஷயம். 2019 ஏப்ரல் 3 அன்று, ஒரு பொதுநல வழக்கில், டிக்டாக் செயலியைப் பதிவிறக்கம் செய்ய முடியாதபடி தடுக்குமாறு மத்திய அரசுக்கு மதுரைக் கிளை இடைக்கால உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு உடனே தடை தர மறுத்தது. மத்திய அரசு கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் தகவல் சொன்னது. ஏப்ரல் நடுவில் இரண்டு கம்பெனிகளும் தங்கள் ஆப் ஸ்டோர்களிலிருந்து அதை எடுத்துவிட்டன. அவ்வளவுதான், வேலை முடிந்தது. 130 கோடிப் பேர் வாழும் நாட்டில் அந்தச் செயலியைப் புதிதாக இறக்க வழக்கமான வழி எதுவும் இல்லாமல் போனது. ஏப்ரல் 24 அன்று மதுரைக் கிளையே தடையை நீக்கியதும் மறுபடி வந்தது.

அந்த உத்தரவு சரியா தவறா என்பதை இப்போதைக்கு விடுங்கள் (எனக்கு உடன்பாடில்லை, அது தனிக்கதை). எத்தனை கை அசைந்தால் போதும் என்பதை மட்டும் பாருங்கள். இரண்டே கை. இந்தியாவில் ஓடும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆண்ட்ராய்டு என்பதால், உண்மையில் ஒன்றேகால் கை என்றுகூடச் சொல்லலாம்.

இதையே 1975-ஓடு ஒப்பிடுங்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஜூன் 25 இரவு, டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருந்த பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் மின்சாரத்தை வெட்டினார்கள். அப்படியும் மறுநாள் காலை ஹிந்துஸ்தான் டைம்ஸும் ஸ்டேட்ஸ்மனும் வெளிவந்தன. அவற்றின் அச்சகங்கள் வேறு பகுதியில், வேறு நிர்வாகத்தின் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முழுப் பெரும்பான்மையோடு, நாட்டின் எல்லாப் படைகளும் கையில் இருந்த ஓர் அரசால் ஒரு ராத்திரியில் எல்லாப் பத்திரிகையையும் நிறுத்த முடியவில்லை. அதற்குப் பிறகு தணிக்கை வந்தது, ஆளாளுக்குப் படிந்தும் போனார்கள். ஆனால் அதற்கு ஒவ்வொரு பத்திரிகையாகப் போய் உட்கார வேண்டியிருந்தது.

ஆகவே, பெரிய கம்பெனி வளர்ந்தால் அரசு பலவீனமாகும் என்று பலரும் நினைப்பதை நான் பாதிதான் ஏற்பேன். பல நேரம் நேரெதிராக நடக்கிறது. ஆயிரம் பேரை மிரட்டுவதைவிட இரண்டு பேரிடம் பேசி முடிப்பது எந்த அரசுக்கும் சுலபம். அந்த இரண்டு பேருக்கும் இந்தியச் சந்தை வேண்டும், அரசின் தயவு வேண்டும். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2021 ஜனவரியில் டிரம்ப்பின் கணக்கை முடக்கிய மெட்டா, அதற்காக அவர் போட்ட வழக்கை 2025 ஜனவரியில் 2.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவர் பதவியேற்ற மேடையில் மெட்டா, அமேசான், கூகுள் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை உலகமே பார்த்தது. கணக்கை முடக்கியபோது கைதட்டியவர்களுக்கும் சரி, திருப்பிக் கொடுத்தபோது கைதட்டியவர்களுக்கும் சரி, முடிவெடுப்பது ஒரே ஆள் என்பது உறைக்கவில்லை. மெட்டாவில் ஜுக்கர்பெர்க் வைத்திருக்கும் பங்குகளில் பெரும்பாலானவை ஒரு பங்குக்குப் பத்து ஓட்டு கொண்டவை. அதனால் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் அவர் கையில். சொந்தக் கம்பெனியின் மற்ற பங்குதாரர்களே ஒன்றுசேர்ந்தாலும் அவரை மாற்ற முடியாது.

டிக்டாக்கின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன் 29 அன்று எல்லை மோதலுக்குப் பிறகு மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அடுத்த பத்து நாளுக்குள் இந்தியாவில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. நம் உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமெல்லாம் வரப்பில் நின்று ஆடிப் பாடி வீடியோ போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் பார்வையாளர்களை இழந்தார்கள். பிறகு மெட்டா, கூகுள் என்ற இரண்டு கம்பெனிகளில் ஒன்றிடம் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். உள்நாட்டுச் செயலிகளும் சில முளைத்தன, பெரிதாக நிலைக்கவில்லை. தேசப் பாதுகாப்புக் காரணம் எதுவானாலும், கடைசியில் ஒரு வாசல் குறைந்தது.

சரி, "பிடிக்காவிட்டால் அழித்துவிடலாமே" என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மாவிடம் வாட்ஸ்அப்பை ஒரு வாரம் அழிக்கச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூட வகுப்புக் குழு, குடியிருப்போர் சங்கம், தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற தகவல், சொந்தபந்தத்தின் காதுகுத்துப் பத்திரிகை, எல்லாம் போய்விடும். வேறு செயலி இருக்கிறது, ஆனால் அதில் ஆள் இல்லை. எல்லோரும் இருப்பதால்தான் எல்லோரும் இருக்கிறோம். ஒருவர் தனியாக வெளியேறுவது சுதந்திரம் அல்ல, தண்டனை.

இந்த நிலை தானாக வந்ததும் இல்லை. 2012-ல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கும், 2014-ல் வாட்ஸ்அப்பைச் சுமார் 1,900 கோடி டாலருக்கும் ஃபேஸ்புக் வாங்கியது. போட்டியாளராக வளரக்கூடியவை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. பிறகு 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய தனியுரிமைக் கொள்கையை அனுப்பியது. ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் போ என்ற தொனி. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது, நமக்கு இல்லை. கொஞ்ச நாள் எல்லோரும் சிக்னலுக்குப் போகிறேன், டெலிகிராமுக்குப் போகிறேன் என்று கிளம்பினார்கள், பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள். இந்தியப் போட்டி ஆணையம் தானாக முன்வந்து விசாரித்து, 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர ஐந்தாண்டு தடையும் சேர்ந்து வந்தது. மேல்முறையீட்டில் அபராதம் உறுதியானது, ஐந்தாண்டு தடை போய்விட்டது. 213 கோடி நமக்குப் பெரிய தொகை. அவர்களுக்கு அது ஒரு செலவுக் கணக்கு.

கூகுள் விஷயத்தில் இன்னும் தெளிவான கணக்கு இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடுபொறிச் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். கைபேசியிலும் உலாவியிலும் தான் மட்டுமே முதலில் தெரிய வேண்டும் என்பதற்காக 2021-ல் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். தன் சரக்கு நன்றாக இருப்பதால்தான் எல்லோரும் வருகிறார்கள் என்று சொல்லும் ஒரு கம்பெனி, வாசலை வாடகைக்கு எடுக்க இவ்வளவு செலவழிப்பானேன்? 2025 செப்டம்பரில் பரிகாரம் சொல்லும்போது, குரோமை விற்கச் சொல்ல நீதிபதி மறுத்துவிட்டார், பிரத்யேக ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டார். நம் போட்டி ஆணையம் 2022 அக்டோபரிலேயே ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டிருந்தது என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இனி ஓட்டு. மதுரைக்காரருக்குச் சுவரொட்டி பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமன் மகள் பூப்பு நீராட்டிலிருந்து மந்திரி வருகை வரை சுவரில் ஒட்டாமல் இங்கே எதுவும் நடப்பதில்லை. தேர்தல் நேரத்தில் அந்தச் சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. யார் சொன்னது என்பது தெரிய வேண்டும், எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், எதிராளி படித்து மறுப்புச் சுவரொட்டி ஒட்ட வேண்டும். இதுதான் அதன் பின்னால் இருக்கும் நியாயம்.

கைபேசி விளம்பரம் இந்த மூன்றையும் உடைக்கிறது. கோரிப்பாளையத்தில் இருக்கும் உங்களுக்கு ஒரு விளம்பரம், பேரையூரில் இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கு அதே கட்சியின் நேர்மாறான விளம்பரம். இருவரும் ஒன்றையொன்று பார்க்கப் போவதில்லை, எதிர்க்கட்சியும் பார்க்கப் போவதில்லை. விலையும் நிலையானது இல்லை. சுவர் எழுதுகிறவர் எல்லாக் கட்சிக்கும் சதுர அடிக்கு ஒரே கூலிதான் கேட்பார். இங்கே ஏலம் நடக்கிறது, கம்பெனியின் கணிப்பொறி எந்த விளம்பரம் அதிகம் ஈர்க்கும் என்று நினைக்கிறதோ அதற்கு விலை குறைகிறது. நம் நாட்டில் 2022-ல் வெளிவந்த ஒரு புலனாய்வு, ஒரே அளவு பார்வைக்குக் கட்சிக்குக் கட்சி வேறு வேறு விலை விழுந்ததைக் காட்டியது. கட்சிப் பெயரே போடாமல், யாருடையது என்று தெரியாத பக்கங்கள் வழியாகவும் பணம் செலவானதை அது வெளிக்கொண்டு வந்தது. ஒருவருக்கு ஓட்டு போடச் சொல்லும் வாய்ப்பின் விலையை ஒரு தனியார் கம்பெனியின் ரகசியக் கணக்கு தீர்மானிக்கிறது. தேர்தல் ஆணையம் விளம்பரத்துக்கு முன்சான்றிதழ் வாங்கச் சொல்கிறது. அது விளம்பரத்தின் வாசகத்தைப் பார்க்கும். யாருக்குக் காட்டப்பட்டது, என்ன விலைக்கு என்பதைப் பார்க்காது. ஐரோப்பாவில் இதற்கென்று கடுமையான வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்ததும், 2025 அக்டோபரிலிருந்து மெட்டாவும் கூகுளும் அங்கே அரசியல் விளம்பரமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டன. சொல்லிவிட்டுச் செய் என்றால் செய்யவே மாட்டோம் என்பதுதான் பதில்.

செய்திப் பத்திரிகைக்கும் இது நேரடி அடி. தினத்தந்தி 1942-ல் பிறந்தது நம் மதுரையில்தான். ஒரு பத்திரிகை உள்ளூர் விளம்பரத்தில் பிழைத்து, அந்தக் காசில் தாலுகா நிருபர் வைத்து, ஊராட்சி முறைகேட்டை எழுத வைக்கும். இப்போது அந்த விளம்பரக் காசு எங்கே போகிறது என்று நகைக்கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர் யாரையாவது கேளுங்கள். கனடா 2023-ல், செய்திக்குக் காசு கொடு என்று சட்டம் கொண்டுவந்தது. மெட்டா அந்த ஆகஸ்டில் அந்த நாட்டில் செய்தி இணைப்புகளையே நிறுத்திவிட்டது. காட்டுத்தீயால் ஊர் ஊராக மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோதும் விடவில்லை. ஒரு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு ஒரு கம்பெனி சொன்ன பதில் இது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் கூடிய கூட்டம் கைபேசி இல்லாமல் அவ்வளவு வேகத்தில் கூடியிருக்காது. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விவகாரத்திலும் செய்தி பரவியது முதலில் கைபேசியில்தான். ஆனால் அதை முன்னுதாரணமாகச் சொல்கிறவர்கள் அடுத்த பாதியை விட்டுவிடுகிறார்கள். 2024 நவம்பரில் ஏல முடிவு வந்ததும் மேலூர் பக்கத்துக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அம்பலக்காரர்கள், பெண்கள் குழு, விவசாய சங்கம், கிராம சபை, பத்திரிகை என்று பல வாசல் இருந்தது. ஒன்றை அடைத்திருந்தாலும் மற்றது திறந்திருக்கும். கைபேசி ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மே மாதத் தூத்துக்குடி இருக்கிறது. துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள் மூன்று மாவட்டத்தில் இணையத்தையே நிறுத்தினார்கள்.

இன்னொரு வேறுபாடு, வழக்கறிஞன் என்ற முறையில் எனக்கு இதுதான் முக்கியம். வாடிப்பட்டியில் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய்வந்த படங்களைப் போட்டு, "துப்பாக்கி பயிற்சிக்காக சிறுமலைக்கு பயணம்" என்று ஃபேஸ்புக்கில் நகைச்சுவையாக எழுதினார். போலீஸ் வழக்குப் போட்டது. 2021 டிசம்பரில் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது, காரணங்களை விரிவாக, சிரிக்கச் சிரிக்க எழுதி. அரசு தவறு செய்தால் நீங்கள் கேட்கலாம், பதில் காரணத்தோடு வரும், பிடிக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதே பதிவைக் கம்பெனி நீக்கியிருந்தால்? சமூக விதிமுறையை மீறிவிட்டீர்கள் என்று ஒரு வரி வந்திருக்கும். தமிழ் நையாண்டி தெரிந்த மனிதர் யாராவது படித்தாரா என்பதே சந்தேகம். 2021-ல் வெளியான ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களின்படி, பொய்த் தகவலைக் கண்டறியும் செலவில் 87% அமெரிக்காவுக்குப் போனது, உலகத்தின் மீதி முழுமைக்கும் 13%. அது முழுக் கணக்கு இல்லை என்று கம்பெனி சொன்னது. முழுக் கணக்கையும் வெளியிடவில்லை.

தீர்வு என்ன? உடைத்துவிடு என்ற கோஷத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கொள்முதலை எதிர்த்து அமெரிக்க அரசு அமைப்பு போட்ட வழக்கே 2025 நவம்பரில் தோற்றுவிட்டது. எனக்குப் பிடித்தது நம் நாட்டிலேயே நடந்த ஒன்று: 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த கைபேசி எண் மாற்றும் வசதி. எண் உங்களுடையது, கம்பெனியை மட்டும் மாற்றலாம். பிஎஸ்என்எல்லில் இருந்து ஏர்டெல்லுக்கு எப்போதும் பேச முடிந்தது. செய்தி அனுப்பும் செயலிகளும் அப்படித்தான் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் சொல்கிறது. வாட்ஸ்அப்புக்கு அது கட்டாயம். அது மட்டும் நம் ஊரில் நடந்தால், உங்கள் "அழித்துவிடலாமே" நிஜமாகவே பொருளுள்ள வாக்கியமாகிவிடும். நம் அரசும் 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு ஒன்றை வெளியிட்டது. பெரிய கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தன, அது கிடப்பில் போனது.

மக்கள் சத்தம் போட்டால் நடக்காது என்று நினைக்காதீர்கள். ஃபேஸ்புக் சில தளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறேன் என்று ஃப்ரீ பேசிக்ஸ் கொண்டுவந்தபோது, லட்சக்கணக்கானோர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் அதைத் தடுத்தது. உங்களுக்கு அப்போது பத்து வயதுகூட இருந்திருக்காது.

இப்போதைக்குக் கையில் இருப்பது இரண்டு. அடுத்த தேர்தலில் மெட்டா விளம்பர நூலகத்தில் உங்கள் தொகுதி வேட்பாளர் பெயரைத் தேடிப் பாருங்கள், கணக்கே தேவையில்லை. யார் பணம் கட்டினார், எந்த வயதினருக்குக் காட்டினார் என்பது ஓரளவு தெரியும். அப்புறம், உங்கள் பதிவையோ கணக்கையோ காரணமில்லாமல் நீக்கினால், முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம், கட்டணம் இல்லை. அந்தக் குழுவை அமைப்பதும் அரசேதான் என்பதால் எனக்கு அதில் முழுத் திருப்தி கிடையாது, ஆனாலும் எழுத்தில் ஒரு காரணம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஒத்தக்கடைக்கு வரலாம்.